வந்த வழியே ஒரு யாத்திரை

ஆற்றுப்படை என்பது தமிழ் கண்ட இலக்கிய வகைகளுள் தனிச்சிறப்பு வாய்ந்த ஒன்று. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையால் வாடி எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, 'இன்ன வழியே செல்க, இன்னானைக் காண்க, நீயும் பெறுக' என வழிப்படுத்துவது அதன் பொருள். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வகையினர்க்கும் உரியதாக இதனைத் தொல்காப்பியனார் புறத்திணையியலுள் வகுத்தார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாம். அவற்றுள் நான்கு பொருள் வேண்டி நின்றாரைப் புரவலர்பாற் செலுத்துவன. திருமுருகாற்றுப்படை ஒன்றே அருள் வேண்டி நின்றாரை இறைவன்பாற் செலுத்துவது.

இவ்விலக்கணத்தின் உள்ளே ஓர் அறம் பொதிந்து கிடக்கின்றது. வழி சொல்பவன் அவ்வழியே தானும் நடந்தவனாதல் வேண்டும். அவ்விடத்தே தானும் பெற்றவனாதல் வேண்டும். பிறனை அங்கே செலுத்துவதால் தனக்கு ஊதியம் தேடாதவனாதல் வேண்டும். இவை மூன்றும் உள்ளவிடத்துத்தான் அது ஆற்றுப்படை. மலைபடுகடாத்தைப் படித்தவர் ஒன்று நினைவுகூர்வர். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு அவன் வண்மையை மட்டும் அப்புலவர் கூறினாரல்லர். வழியிலுள்ள பாம்புகளையும், பன்றிக்கு வைத்த பொறிகளையும், கால் வழுக்கும் பாறைகளையும் முன்னரே சொல்லி எச்சரித்தார். இடரை மறையாது சொல்வதே நல்ல வழிகாட்டியின் அடையாளம்.

முப்பது ஆண்டுகளாகப் பண்டித வகுப்பு மாணாக்கர்க்கு இப்பகுதியைக் கற்பித்து வரும் நான், ஏட்டுக்கு வெளியே ஆற்றுப்படை நடமாடுவதைச் சென்ற ஆவணித் திருவிழாக் காலத்தில் கண்டேன். ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் மக்களோடு, மன்னார் மாவட்டத்துக் காட்டினுள்ளே விளங்கும் மருதமடு மாதா திருத்தலத்துக்குச் சென்ற யாத்திரை அது. அங்கே கண்டதும் கேட்டதும், இம்மலைநாட்டு மக்களின் வரலாற்றை ஒரே நூலிற் கோத்துக் காட்டின. அதனை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்பட்ட கூட்டம்

ஆவணித் திருவிழா என்றவுடன் பஞ்சாங்கம் பார்ப்போர் சிறிது மயங்கக்கூடும். திருவிழா நாள் ஆகஸ்ட் 15 ஆம் திகதி. பஞ்சாங்கக் கணக்கில் அஃது ஆடி மாதத்தின் இறுதி. ஆயினும் ஈழத்துக் கத்தோலிக்கர் ஆங்கில மாதங்களைத் தமிழ்ப் பெயராலேயே வழங்குவர். அவர்களுக்கு ஜூலை ஆடி, ஆகஸ்ட் ஆவணி. இவ்வழக்கினால் மடுவில் ஜூலை 2 ஆம் திகதி நிகழ்வது ஆடித் திருவிழா என்றும், ஆகஸ்ட் 15 ஆம் திகதி நிகழ்வது ஆவணித் திருவிழா என்றும் பெயர் பெற்றன.

எங்கள் பஸ் வண்டியில் ஐம்பதுபேர் வரையில் இருந்தனர். அரிசி மூட்டை, தேங்காய், பாய், பானை, கூடார விரிப்பு, விறகு ஆகியனவும் உடன் வந்தன. பயணச் செலவுக்காகச் சம்பள நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்த பணம் அது. வந்தோருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் சைவர். இதனை எவரும் வியப்பாகக் கருதவில்லை. தோட்டத்திலே மாரியம்மன் கோயில் ஒரு மேட்டிலும், மாதாவின் கெபி மறு மேட்டிலும் இருக்கின்றன. இடையிலுள்ளவை லயங்கள். தேருக்கு வரி கொடுப்பவர் கெபிக்கு மெழுகுதிரியும் கொடுப்பர். நோய், மகப்பேறு, பிரிவு ஆகிய மூன்றும் சமயம் பார்த்து வருவதில்லையே.

மலைநாட்டில் தேவாலயங்கள் இல்லாமலில்லை. டிக்கோயாவிலே நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி ஆலயம் 1878 ஆம் ஆண்டிலே தோட்டத் துரைமாருக்கென எழுந்தது. நுவரெலியாத் திரித்துவ ஆலயமும் 19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியது. கல்லாற் கட்டப்பெற்ற அழகிய கோயில்கள் அவை. ஆயினும் தோட்டத் தொழிலாளி நேர்த்திக்கடன் என்று சொல்லும்போது அவன் முகம் வடதிசை நோக்கியே திரும்புகின்றது. குளிர்ந்த மலையை விட்டு, நீரும் நிழலும் அருகிய வன்னிக் காட்டை நோக்கி அவனை ஈர்ப்பது யாது? அவ்வினாவோடுதான் நானும் வைகறையில் வண்டியேறினேன்.

கண்டியில் ஒரு கூலியாளின் நினைவு

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டியை அடைந்தபோது பொழுது நன்கு புலர்ந்திருந்தது. வண்டியிலிருந்தோர் இங்கே சிறிது நேரம் செபமாலை சொன்னார்கள். கண்டி மாநகர் கத்தோலிக்கர்க்கு மிகவும் வேண்டிய ஒருவரின் நினைவைத் தாங்கியது. அவர் புனித யோசேப் வாஸ் அடிகள்.

கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் 1651 ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1687 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அப்போது இத்தீவின் கரையோரம் ஒல்லாந்தர் வசமிருந்தது. கத்தோலிக்க குருமார் கால்வைத்தல் ஆகாது என்பது அவர்கள் கட்டளை. ஆகவே அடிகள் குருவின் அங்கியைக் களைந்து, கூலியாளின் உடையில், தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். தமிழ் கற்றார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து தொண்டாற்றினார். 1692 ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருடைய தூய்மையை அறிந்து உரிமை வழங்கினான். 1697 ஆம் ஆண்டில் கண்டியிலே பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டகன்றபோது, அடிகளும் அவரைச் சார்ந்தோரும் மதம் பாராது அவர்களைப் பேணினர். 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி காலையிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலிலேயே மடுவுக்கும் சென்று வணங்கினார்.

கூலியாள் உடையில் கடல் கடந்து, தமிழ் பேசி, மலையேறி, அம்மையுற்றோரைப் பேணிய ஒருவரின் வரலாறு தோட்டத்து மக்களின் நெஞ்சில் எளிதிற் பதிவது இயல்பே. அவர் வேடமாக அணிந்த உடை, பின்னர் அவர்தம் முன்னோர்க்கு வாழ்வாகவே அமைந்துவிட்டது.

மாத்தளையும் வடக்குப் பாதையும்

கண்டிக்கு அப்பால் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் வாயிலில் வண்டி நின்றது. சைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றினர். கத்தோலிக்கர் சிலரும் இறங்கிக் கைகூப்பினர். மாத்தளை என்பது அவர்தம் வரலாற்றில் ஒரு முனை. அதன் மறுமுனை மன்னார்க் கரை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காட்டுவழிக்கு 'வடக்குப் பாதை' என்று பெயர்.

1820களில் கம்பளைப் பகுதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. பின்னர் அது பெருகியபோது தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டங் கூட்டமாய் அழைத்துவரப்பட்டனர். தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையிலும் அவர்கள் கால்நடையாகவே வந்தனர். நூற்றைம்பது மைல் அளவுள்ள வழி. நீரின்மை, காட்டுவிலங்கு, மலேரியா, பேதி ஆகியவற்றால் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். 1869 ஆம் ஆண்டு முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிற்று, வழி உடனே மாறவில்லை. 19 ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயிலேதான் அந்த நடைவழி மூடப்பட்டது. 1914 ஆம் ஆண்டில் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், மண்டபம் முகாமிலிருந்து தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறியோர் தலைமன்னாரிலிருந்து ரயிலில் மலைநாட்டை அடைந்தனர்.

இங்கே ஆற்றுப்படையின் இலக்கணத்தை மீண்டும் நினைக்க வேண்டியதாயிற்று. இம்மக்களை இவ்வழியிற் செலுத்தியவன் கங்காணி. அவனும் ஊர் ஊராகச் சென்று, வறியவரைக் கண்டு, மலைநாட்டின் வளத்தைப் பாடினான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொன்னதாக இன்றும் தோட்டங்களிற் பழமொழிபோல் வழங்குகின்றது. அவனும் அவ்வழியே நடந்தவன்தான், அங்கே பெற்றவன்தான். ஆயினும் மூன்றாம் இலக்கணம் அவனிடம் இல்லை. ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. வழியின் இடரையும் அவன் மறைத்தான். மலைபடுகடாம் பாடிய புலவர் சொல்லி எச்சரித்த பாம்பையும் பொறியையும் இவன் சொல்லவில்லை. ஆற்றுப்படையின் உருவம் இருந்தது; உயிர் இல்லை.

மலையை அடைந்தபின் வந்தது கடிதத்தின் ஆட்சி. முன்பணமாக வாங்கிய கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தொழிலாளி மாறவியலாது. 1921 ஆம் ஆண்டிலேதான் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் வேறொரு கடிதம் கேட்கப்பட்டது. தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குச் சான்று எங்கே என்பது கேள்வி. லயத்திற் பிறந்து லயத்தில் இறந்தவர்க்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? துண்டும் சான்றும் இல்லாதார் எங்குமில்லாதார் ஆயினர்.

மருதமடு

மதவாச்சியிலே கண்டிச் சாலையை விட்டு மேற்கே திரும்பிச் செட்டிகுளத்தைக் கடந்து சென்றோம். 2009 ஆம் ஆண்டிலே போரில் இடம்பெயர்ந்தோரை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாம் இருந்த பகுதி இது. மடுச் சந்தியில் வடக்கே திரும்பியதும் காடு தொடங்கிற்று. பாலையும் வீரையும் முதிரையும் இருமருங்கும் நின்றன. மலையிலே கம்பளி போர்த்தியிருந்தோர் இங்கே வியர்வை துடைத்தனர்.

மடு என்னும் சொல் ஆழ்ந்த நீர்நிலையைக் குறிப்பது. மருதமரம் நின்ற மடு மருதமடு ஆயிற்று. மருதம் நீர்வளம் உள்ள இடத்தே வளர்வது; வன்னிக் காட்டிலே மருதமும் மடுவும் ஒருங்கே உள்ள இடம் வழிப்போக்கர்க்கு உயிர்நிலை. பெயரே அத்தலத்தின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகின்றது. இது தாகத்தோடு ஓடி வந்தவர் தங்கிய இடம்.

ஓடி வந்தவர் யார்? மன்னாரில் 1544 ஆம் ஆண்டிலேயே, புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய அறுநூறு பேர் வரையில் யாழ்ப்பாணத்து அரசனாகிய சங்கிலியின் ஆணையாற் கொலையுண்டனர் என்பர். அதற்குப் பின்னும் அச்சமயம் அங்கே நிலைத்தது. மாந்தையிலே மாதா ஆலயம் ஒன்று இருந்தது. 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் தங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினர் என்பது மரபு வழிச் செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுநூறு பேர் வன்னிக்கு ஓடிவந்து, இரு கூட்டத்தாரும் காட்டிலே கூடினர் என்றும், போர்த்துக்கேயத் தளபதி ஒருவனின் மகளாகிய எலேனா என்பாள் அங்கே முதற் கோயிலை எழுப்பினாள் என்றும் கூறுவர்.

மாந்தை என்னும் பெயர் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. அதுவே மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதீச்சரம் அங்கே உள்ளது. அத்திருக்கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அவர்கள் கொணர்ந்த சமயத்தைத் தழுவிய ஏழைகளை அதே மாந்தையிலிருந்து ஒல்லாந்தர் துரத்தினர். ஒரு மண்ணில் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரு கோயில்கள் தம் அடியாரை இழந்தன. 1872 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் திருக்கேதீச்சரத்தைப் புதுக்க வேண்டுமெனச் சைவர்க்கு வேண்டுகோள் விடுத்தார். அதே ஆண்டிலே யாழ்ப்பாண மேற்றிராணியார் பொன்ஜீன் ஆண்டகை மடுவிலே இன்றுள்ள பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார். 1924 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி, பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த கருதினால் வான் ரொஸ்ஸம் மாதாவின் திருவுருவத்துக்கு முடிசூட்டினார். இழந்தவற்றை மீட்டுக் கட்டும் ஆசை இருசாரார்க்கும் ஒன்றாகவே இருந்தது.

நாங்கள் சென்று சேர்ந்தபோது பிற்பகல். வெண்மையும் நீலமுமாக ஆலய முகப்பு மரங்களுக்கிடையே தோன்றிற்று. காடு முழுவதும் கூடாரங்கள். நீர்கொழும்பு மீனவரும், சிலாபத்துச் சிங்களவரும், யாழ்ப்பாணத்தாரும், மட்டக்களப்பாரும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டியிருந்தனர். காணாமற்போன பிள்ளைகளின் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபெருக்கியிற் கேட்டன. எந்த மொழியில் அறிவித்தாலும் அருகிலிருந்த தாய்மார் அனைவரும் தலைநிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தனர்.

ஒரு மூதாட்டியின் ஆற்றுப்படை

எங்கள் கூட்டத்தில் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியார் இருந்தார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், சைவர். அவருடன் அடுத்த லயத்து இளம்பெண் ஒருத்தி, நோயுற்ற கைக்குழந்தையோடு முதன்முறையாக வந்திருந்தாள். பயணம் முழுவதும் மூதாட்டியார் அவளுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்ததை நான் செவிமடுத்தேன். மடுவில் வெயில் கொடிது. பிள்ளையை நண்பகலில் வெளியே கொண்டுபோகாதே. குழாய்த் தண்ணீருக்கு வரிசை நீளம். விடியுமுன் போய்ப் பிடி. இரவில் விளக்கில்லாமல் காட்டோரம் கால் வைக்காதே. கூட்டத்தில் காது நகையைக் கழற்றி முடிந்துகொள். இவ்வளவும் சொன்னபின்னரே, மாதா கைவிடமாட்டாள் என்று சொன்னார். முதலில் இடரும், பிறகு அருளும். பத்துப்பாட்டை அவர் பெயராலும் அறியார். அதன் அறத்தை அறிந்திருந்தார்.

மாலை வழிபாடும் நற்கருணை ஆசீரும் முடிந்தபின், கூடாரத்து வாயிலில் அமர்ந்து அவரோடு உரையாடினேன்.

"அம்மா, நீங்கள் அம்மன் கோயிலுக்குத் தீ மிதிப்பவர். மடுவுக்கு எப்படி வரத் தொடங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க அக்காவுக்காக வாரேன் ஐயா. அவ போன வழி இது," என்றார்.

அவர் விரித்துச் சொன்னதன் சுருக்கம் இது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது மலையகத் தமிழருள் நாடற்றோராய் நின்றவர் 9,75,000 பேர் எனக் கணித்து, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்ணாற் பங்கிடுவோர்க்கு அக்காளும் தங்கையும் தெரிவதில்லை. இம்மூதாட்டியாரின் அக்காள் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. தங்கை குடும்பம் இங்கேயே நின்றது. 1970களின் இடைப்பகுதியில் ஒரு நாள் ஹட்டன் நிலையத்தில் அக்காள் ரயிலேறினார். நிலைய மேடை எங்கும் அழுகையொலி. வண்டி நகர்ந்தபோது கை பிடித்து ஓடியவர்களுள் இவரும் ஒருவர்.

"அக்கா நீலகிரியில இருந்து காகிதம் போட்டிச்சு ஐயா. கோச்சி தலைமன்னாருக்குப் போறப்ப ராத்திரி மடு ரோட்டுல நின்னிச்சாம். இங்கதான் மடு மாதா இருக்கான்னு யாரோ சொன்னாங்களாம். சன்னல் வழியா இருட்டைப் பார்த்துக் கும்பிட்டு, தங்கச்சியை உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு சொல்லிச்சாம். விட்டுட்டுப் போன எடத்துக்கு நான் வரவேணாமா?"

இதற்கு மேல் நான் வினவ ஒன்றுமில்லை. முன்னோர் நடந்து வந்த வழியும், பின்னோர் ரயிலில் வந்த வழியும், நாடு கடத்தப்பட்டோர் திரும்பிச் சென்ற வழியும் ஒன்றே. மடு அவ்வழியின் நடுவிலே நிற்கின்றது. வந்தவர்க்கும் சென்றவர்க்கும் அது பொதுவான அடையாளக்கல். மலைநாட்டான் வடக்கு நோக்கிக் கைகூப்புவதன் காரணம் எனக்கு அவ்விரவிலே துலங்கிற்று.

மாதாவும் அகதியான கதை

அந்த மூதாட்டியாராலும் எல்லா ஆண்டுகளிலும் வரமுடியவில்லை. 1990 ஆம் ஆண்டில் போர் முற்றியபோது மன்னார் ரயில் பாதை அழிந்தது, சாலை அடைபட்டது. மடு ஆலய வளாகமே பெரும் அகதி முகாமாயிற்று. அங்கே தஞ்சம் புகுந்தோருள் மலையகத்தாரும் இருந்தனர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வன்னிக்குக் குடிபெயர்ந்தோர் அவர்கள். ஒருகாலத்து முன்னோர் கடந்து சென்ற காட்டிலேயே, பேரர் மீண்டும் அடைக்கலம் தேடினர். 1999 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் திகதி எறிகணைகள் ஆலயத்தின் மீது வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட நாற்பது பேர் வரையில் அங்கேயே மாண்டனர்.

2008 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போர்முனை மடுவை நெருங்கியபோது, குருமார் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670 ஆம் ஆண்டளவிலே எந்த அச்சத்தோடு அது மாந்தையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டதோ, அதே அச்சத்தோடு மீண்டும் தூக்கிச் செல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலே திருவுருவம் மடுவுக்குத் திரும்பிற்று. 2013 ஆம் ஆண்டு மே மாதத்தில் மடு வீதி வரையிலும், 2015 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தலைமன்னார் வரையிலும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கிற்று.

ஒரு தலத்தின் பெருமையை அதன் கோபுரத்தாலும் பழமையாலும் அளப்பது வழக்கம். மடுவின் பெருமை வேறு வகையது. அங்கே எழுந்தருளியிருப்பவளே இருமுறை வீடிழந்தவள். வீடிழந்தார் அங்கே சென்று நிற்கும்போது தம் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துண்டு எங்கே, சான்றிதழ் எங்கே, எந்த ஊர், எந்த நாடு என்று திருவுருவத்தின் முன் நிற்போரை எவரும் கேட்பதில்லை. நூற்றாண்டுக் காலமாகக் கடிதம் கேட்டே அலைக்கழிக்கப்பட்ட மக்களுக்கு, கேளாது ஏற்கும் ஓர் இடம் எத்துணை பெரிது என்பதைக் கடிதம் உள்ளோர் எளிதில் உணரார்.

ஒரு பிடி மண்

மறுநாள் தமிழிலும் சிங்களத்திலும் திருவிழாத் திருப்பலி நிறைவேற, மாதாவின் திருச்சுரூபப் பவனியும் ஆசீரும் நிகழ்ந்தன. பின்னர் யாத்திரிகர் மடுவின் மண்ணை எடுத்தனர். அம்மண் பாம்பு தீண்டாது காக்கும் என்பது இத்தீவு முழுவதும் உள்ள நம்பிக்கை. சிங்களரும் தமிழரும் சிறு பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்று வீட்டைச் சுற்றித் தூவுவர். மூதாட்டியாரும் ஒரு பிடி மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். இளம்பெண்ணும் குழந்தையின் நெற்றியில் சிறிது இட்டு, எஞ்சியதைத் தாளில் மடித்தாள்.

அம்மண்ணை அவர்கள் எங்கே தூவுவர்? லயத்து வாயிலில். அந்த வாயில் அவர்களுடையதன்று. இம்மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கியோரின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர்க்கு, குடியிருக்கும் வீட்டின் அடிநிலமும் உறுதிப்பத்திரத்தோடு கிடைத்ததில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை தந்தது, நிலவுரிமை தரவில்லை. மாதாவின் மண் ஒரு பிடி கையில் உண்டு. அதனைத் தூவத் தமக்கென ஒரு முழ நிலம் இல்லை. பக்தியின் செய்தியாக மட்டும் இதனைப் படித்துக் கடந்து செல்லுதல் தகாது.

2023 ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28 ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12 ஆம் திகதி அது நிறைவுற்றது. வழியெங்கும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பலரும் நீரும் உணவும் தந்து உடன் நடந்தனர். முன்னோர் இறந்து வீழ்ந்த காட்டு வழியிலே பேரர் உரிமை கேட்டு நடந்த அந்நடையும் ஒரு யாத்திரையே என்க. மலையிலிருந்து மடுவுக்குச் செல்வோர் அவ்வழியை மறுதிசையில், ஆண்டுதோறும், பெருஞ்செய்தியாகாமலே நடத்தி வருகின்றனர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வரலாற்றையும் இலக்கியத்தையும் தனித்தனிப் பாடமாக வைத்துக் கற்பிக்கின்றோம். சங்ககாலப் பாணன் நடந்த வழியை மாணவன் மனப்பாடம் செய்கின்றான்; தன் பாட்டனின் தந்தை நடந்த வழி அவனுக்குத் தெரியாது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்ததுபோல, இவ்வழியைப் பற்றி முதியோர் சொல்வதையும் மாணவர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அம்முதியோர் இன்னும் நெடுநாள் இருக்கமாட்டார்கள்.

திரும்பும் வழியில் இளம்பெண் மூதாட்டியாரை நோக்கி, "வாற வருசம் எங்க சின்னம்மாவையும் கூட்டிக்கிட்டு வாரேன் பாட்டி," என்றாள். அவளுக்கு என்ன சொல்லி அழைத்துவருவாய் என்று மூதாட்டியார் கேட்டார். "வெயில் கொளுத்தும், தண்ணிக்கு நிக்கணும்னுதான் மொதல்ல சொல்லுவேன்," என்றாள் அவள்.